பேச்சின் இடைவெளியில் கைப்பேசி: நேரில் சந்திக்கும் நட்புக்கு என்ன நேர்கிறது?

வேளிமலை எழுதியது:

நண்பர்கள் நேரில் அமர்ந்து பேசும்போது நடுவில் கைப்பேசி எடுக்கப்படுவதால் நட்புக்கு உண்மையிலேயே கேடு உண்டா, அல்லது அது வெறும் மரியாதைக் குறைவுதானா என்பதை இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன். காலம் கெட்டுவிட்டது என்று புலம்புவதற்காக இதைத் தொடங்கவில்லை. அந்த வேலையை நம் ஊர்ச் சாயாக்கடைகள் போதுமான அளவு செய்துகொண்டிருக்கின்றன.

தக்கலைப் பக்கத்தில் பள்ளிக்கால நண்பர்கள் சிலர் மாலையில் ஒரு கலுங்கில், அதாவது சிறு பாலத்தின் கட்டைச்சுவரில், உட்கார்ந்து பேசுவது எங்கள் நெடுநாள் வழக்கம். 2016-இல் ஜியோ வந்து இணையம் மலிவான பின்னரும் அந்தக் கூட்டம் கலையவில்லை. பேச்சின் அளவும் குறையவில்லை. தேர்தல், ரப்பர் விலை, நான்குவழிச் சாலை, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை என எல்லாவற்றையும் பேசுகிறோம். ஆனால் எங்களுள் ஒருவர் வீட்டை அடமானம் வைத்துத் திண்டாடிக்கொண்டிருந்த செய்தி, எங்கள் கூட்டத்தில் இல்லாத வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. நாள்தோறும் எங்களோடு உட்கார்ந்திருந்தவர் அவர். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "சொல்லதுக்கு வாயெடுப்பேன் மக்கா, அந்நேரம் ஒருத்தன் போனை எடுப்பான், பின்ன வேண்டாம்னு தோணும்" என்றார். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை, அதுதான் எனக்கு உறுத்தியது.

கைப்பேசியால் பேச்சு குறைகிறது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தெந்தச் செய்திகள் பேச்சுக்குள் வரத் துணிகின்றன என்பதில்தான் மாற்றம் நேர்கிறது என்று ஐயப்படுகிறேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.


பரளியாறு எழுதியது:

தங்கள் ஐயத்துக்கு ஆய்வுலகில் ஓரளவு ஆதரவும் இருக்கிறது, மறுப்பும் இருக்கிறது. முதலில் ஆதரவைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிபில்ஸ்கி, வெய்ன்ஸ்டைன் ஆகிய இருவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாதவர்களை இருவர் இருவராக ஓர் அறையில் அமர்த்திப் பேசவிட்டார்கள். சில இணைகளுக்கு அருகில் ஒரு கைப்பேசியும், மற்ற இணைகளுக்கு அதே இடத்தில் ஒரு குறிப்பேடும் வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கைப்பேசி பேசுகிறவர்களுடையது அல்ல, அது ஒலிக்கவும் இல்லை. ஆயினும் அது இருந்த இடத்தில் பேசியவர்களிடையே நெருக்க உணர்வு குறைவாக இருந்ததாகக் கண்டார்கள். தங்கள் கேள்வியைத் தொடுவது அவர்களுடைய இரண்டாம் சோதனை. லேசான பொருளைப் பேசியவர்களிடம் கைப்பேசியின் பாதிப்பு பெரிதாகத் தெரியவில்லை. கடந்த ஓராண்டில் தம் வாழ்வில் நடந்த முக்கியமானவற்றைப் பேசியவர்களிடமோ, நம்பிக்கையும், எதிரில் இருப்பவர் தம்மைப் புரிந்துகொள்கிறார் என்ற உணர்வும் குறைந்திருந்தன.

அமெரிக்காவில் வாஷிங்டன் பகுதியின் காபிக் கடைகளில் மிஸ்ராவும் குழுவினரும் நடத்திய இன்னோர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அது சோதனைச்சாலை அல்ல, உண்மையான கடை. 100 இணைகளைப் பத்து நிமிடம் பேசவிட்டு, கைப்பேசி மேசையிலோ கையிலோ வந்ததா என்பதை அருகிலிருந்து குறித்துக்கொண்டார்கள். கைப்பேசி வெளியே வந்த உரையாடல்களில் ஒருவர் உணர்வை மற்றவர் உணர்ந்துகொண்ட அளவு குறைவாக இருந்தது. இந்தக் குறைவு அவ்வளவு நெருக்கம் இல்லாதவர்களைவிட நெருங்கிய நண்பர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. கடையில் நடந்தது என்பதால் எனக்கு இது முன்னதைவிடப் பொருத்தமாகப் படுகிறது.

மறுப்பை இரவு எழுதுகிறேன். பேரனை டியூஷனிலிருந்து அழைத்துவர வேண்டும்.


மேட்டுக்கடை எழுதியது:

நான் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறேன். மூத்தவர்கள் பேசும் இடத்தில் கொஞ்சம் மறுத்துப் பேச அனுமதி வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து வரும் பேருந்தில் நானும் நண்பனும் ஒரே கைப்பேசியை நடுவில் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வருவோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த ஒரு மணி நேரத்தில் பார்க்கும் ரீல்ஸை வைத்துத்தான் எங்கள் கேலியும் சண்டையும் வளர்கின்றன. இதை நட்பின் தேய்வு என்று சொன்னால், இருவர் சேர்ந்து ஒரு செய்தித்தாளைப் படித்ததையும் அப்படியே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கனமான செய்திகளை முகத்துக்கு நேரே சொல்ல எல்லோராலும் முடிவதில்லை. என் நண்பன் தன் அப்பாவின் குடிப்பழக்கத்தைப் பற்றி எனக்கு முதன்முதலில் சொன்னது இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய குரல்பதிவில்தான். கலுங்கில் உட்கார்ந்திருந்தால் அவன் அதை ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டான். வேளிமலை ஐயாவின் நண்பர்கூட அப்படி ஒரு குரல்பதிவை அனுப்பியிருக்கலாமே!


கடலோரத்தாள் எழுதியது:

கைப்பேசியைத் தூரத்தில் வைத்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்வது உள்நாட்டுக்காரர்களுக்கு எளிது. நான் தூத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவள். எங்கள் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள். படகு கரையை நெருங்கி, அலைவரிசை கிடைக்கும் இடத்துக்கு வந்தால்தான் வீட்டுக்கு அழைக்க முடியும். அது காலையா, நள்ளிரவா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்த நாள்களில், வராத அழைப்புக்காகக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டே கடற்கரையில் நின்றவர்களுள் என் தோழியும் ஒருத்தி. அவள் என்னோடு பேசும்போது கைப்பேசியை மடியில் வைத்திருப்பதை அவமதிப்பு என்று நான் நினைத்ததே இல்லை. அது ஒலித்தால் நான்தான் முதலில் "எடு பிள்ளே" என்பேன்.

ஆகவே, மேசையில் கைப்பேசி இருந்தாலே நெருக்கம் குறையும் என்ற எசெக்ஸ் ஆய்வு எங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று பரளியாறு ஐயா சொல்ல வேண்டும். அந்தக் கைப்பேசியின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பது எனக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்து அறையில் அது யாருக்கும் தெரியாது.


சாயாக்கடை பெஞ்சு எழுதியது:

கடலோரத்தாள் அக்கா சொன்ன கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு மேல் இந்த விவாதத்தில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் தொடருங்கள், படிக்கிறேன்.


வேளிமலை எழுதியது:

கடலோரத்தாள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதே கடற்கரையிலிருந்து ஒரு கேள்வி கேட்கலாமா? மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எங்கும் படகுகள் கட்டிக் கிடக்கும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கடலிலிருந்து வரவேண்டிய அழைப்பு என்று அந்த இரண்டு மாதங்களில் எதுவும் இல்லை. அப்போதும் மடியில் கைப்பேசி இருக்கிறதா? இருக்கிறது என்றால், காத்திருப்புக்காக வந்த வழக்கம் காரணம் போன பின்பும் தங்கிவிட்டது என்றாகும் அல்லவா? கேலியாகக் கேட்கவில்லை.

மேட்டுக்கடைத் தம்பிக்கு: இருவர் சேர்ந்து ஒரே திரையைப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் கூட்டத்திலும் கோட்டயத்து ரப்பர் விலையை ஒருவர் கைப்பேசியில் பார்த்து எல்லோருக்கும் வாசித்துச் சொல்வார். அது பேச்சுக்கு உரம்தான். ஒருவர் மட்டும் தனியே, மற்றவருக்குத் தெரியாத ஒன்றுக்குள் போய்விடுவதைத்தான் சொல்கிறேன். குரல்பதிவு நல்ல வழி என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ஐம்பது வயதுக்காரர் தன் கடனைப் பற்றிக் குரல்பதிவு அனுப்ப மாட்டார், தம்பி. அது எங்கே போய்ச் சேரும், யாருக்கு அனுப்பப்படும் என்ற பயம் அவருக்கு உண்டு. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு.


கடலோரத்தாள் எழுதியது:

இருக்கிறது. தடைக்காலத்திலும் மடியில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் அதைக் கவனித்தேன்.


அண்டியாபீஸ் எழுதியது:

சில நாள்களாகப் படித்துவருகிறேன். எல்லோரும் "முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்" என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறீர்கள். அந்தத் தொடக்கமே நம் ஊருக்குச் சரிதானா என்று எனக்கு ஐயம்.

என் அம்மா குழித்துறைப் பக்கம் ஒரு அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பல ஆண்டுகள் வேலை பார்த்தார். வறுத்த முந்திரிக்கொட்டையை உடைப்பவர்களின் கண் கொட்டையில்தான் இருக்கும். கொஞ்சம் தவறினாலும் பருப்பு இரண்டாகும், தோட்டின் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். அங்கே யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. ஆனால் அந்த வரிசையில் உட்கார்ந்த பெண்களுக்குள் சொல்லப்படாத இரகசியம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. யார் வீட்டில் அடி விழுகிறது, யாருக்குக் கர்ப்பம் கலைந்தது, யார் மகள் யாரோடு பேசுகிறாள் என்பதெல்லாம் தலையைக் குனிந்தபடியே சொல்லப்பட்டன, தலையைக் குனிந்தபடியே கேட்கப்பட்டன. வலை பின்னுகிறவர்களிடமும் தோவாளையில் பூக் கட்டுகிறவர்களிடமும் இதையே பார்க்கலாம். ஆகவே, கண் வேறு இடத்தில் இருப்பது கவனக் குறைவு அல்ல. வெட்கமான செய்தியைச் சொல்கிறவருக்கு, கேட்பவர் தன்னைப் பார்க்காமல் இருப்பது உதவியாகவும் இருக்கிறது.

அப்படியானால் கைப்பேசியைப் பார்த்தபடி கேட்பது மட்டும் ஏன் வலிக்கிறது? நான் இப்படி எண்ணுகிறேன். முந்திரி உடைக்கும் கைக்குச் சொற்கள் தேவைப்படுவதில்லை. கை தன் வேலையைச் செய்யும்போது காது முழுதாகத் தோழியிடம் இருக்க முடிகிறது. கைப்பேசியில் இருப்பவையோ சொற்கள். ஒரே நேரத்தில் ஒருவர் எழுதியதைப் படிக்கவும் இன்னொருவர் சொல்வதைக் கேட்கவும் நம்மால் ஆகாது. ஒன்று மற்றதைத் தள்ளிவிடும். எதிரில் இருப்பவர் தள்ளப்பட்டதை உடனே உணர்கிறார், "ம்... சொல்லு" என்ற அந்தப் பதில் அரை நொடி தாமதமாக வருவதிலிருந்தே.

இன்னொன்று இதைவிட முக்கியம். அண்டியாபீஸில் பேச்சு அடிக்கடி நின்றுபோகும். சில நேரம் கால் மணி நேரம்கூட ஒன்றும் பேசாமல் உடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த அமைதியை யாரும் நிரப்ப முயன்றதில்லை, ஏனென்றால் கையில் வேலை இருந்தது. கனமான செய்தி பெரும்பாலும் அந்த அமைதிக்குப் பிறகுதான் வெளியே வரும். வேளிமலை ஐயாவின் கலுங்கில் இப்போது காணாமல்போனது அந்த அமைதிதான் என்று நினைக்கிறேன். பேச்சு நின்ற மறுகணமே கை சட்டைப்பைக்குப் போகிறது. பேசிக்கொண்டிருப்பவரை யாரும் இடைமறிக்கவில்லை. பேசப்போகிறவரின் நேரம்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது.


சாயாக்கடை பெஞ்சு எழுதியது:

புதிதாக ஒன்றும் வராது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.


பரளியாறு எழுதியது:

இரவு எழுதுவதாகச் சொன்ன மறுப்பு இது. அண்டியாபீஸ் அவர்களின் பதிவுக்குப் பிறகு இதற்குப் புதிய பொருளும் கிடைத்திருக்கிறது.

எசெக்ஸ் ஆய்வைப் பிறர் மீண்டும் செய்துபார்த்தார்கள். 2021-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த லினாரெஸ், செல்லியே ஆகியோரின் மறுசோதனையில், கைப்பேசி சும்மா அருகில் இருப்பதால் மட்டும் உரையாடல் கெட்டது என்ற முடிவு கிடைக்கவில்லை. அதற்கு முன்பு க்ரௌலியும் பிறரும் செய்த மறுசோதனையிலும் கிடைக்கவில்லை. எனவே "மேசையில் இருந்தாலே போதும், நட்பு கெடும்" என்று செய்தித்தாள்கள் எழுதிவருவதை அப்படியே நம்ப வேண்டாம். கடலோரத்தாளின் கேள்விக்கு என் பதிலும் இதுவே: மடியில் இருக்கும் கைப்பேசியைக் குற்றஞ்சாட்டப் போதிய சான்று இல்லை.

கைப்பேசியை உண்மையிலேயே பயன்படுத்துவதைப் பற்றிய சான்று இதைவிட உறுதியானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 300-க்கும் மேற்பட்டவர்கள் நண்பர்களோடும் குடும்பத்தாரோடும் ஓர் உணவகத்தில் சாப்பிட்டார்கள். சிலரிடம் தங்கள் சொந்தக் கைப்பேசியை, ஒலியோ அதிர்வோ இயங்கும் நிலையில், மேசைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், மற்றவர்களை அதை எடுத்துவைத்துவிடச் சொன்னார்கள். மேசைமேல் வைத்திருந்தவர்கள் கவனம் சிதறியதாகவும், அந்த நேரத்தை மற்றவர்களைவிடக் குறைவாக இரசித்ததாகவும் தெரிவித்தனர். வேறுபாடு பெரிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்; ஒரு வேளைச் சாப்பாட்டில் தெரியும் சிறிய குறைவு அது. மாலைதோறும் கூடுகிறவர்களிடம் அது எவ்வளவாகச் சேரும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை.

வேளிமலையின் தடைக்காலக் கேள்விக்கும் ஒரு விடை உண்டு. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2016-இல் காட்டியது இது: எதிரிலிருப்பவர் கைப்பேசியைப் பார்ப்பதால் புறக்கணிக்கப்பட்டவர்களே பிறரையும் அவ்வாறு புறக்கணிக்கிறார்கள், இரண்டும் சேர்ந்து, இதுதான் இயல்பு என்ற எண்ணத்தை உருவாக்கிவிடுகின்றன. கலுங்கில் முதலில் எடுத்தவர் யார் என்று தேடுவதில் பயன் இல்லை.


கிழக்கே போகும் பேருந்து எழுதியது:

இந்த இழையில் பேசப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் வரும் வளைகுடா நண்பர்களைச் சொல்கிறேன். துபாயில் இருக்கும் வரை என் நண்பன் நாள்தோறும் என்னோடு பேசுவான். அங்கே வாட்ஸ்அப் அழைப்பு கிடைக்காது என்பதால் போட்டிம் என்ற செயலியில் அழைப்பான். அவன் அறையில் இரவு ஒன்பது என்றால் இங்கே பத்தரை. அந்த அழைப்பில் அவன் கவனம் முழுதும் என்னிடம் இருக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் கைப்பேசி என்றால் நான்தான். ஊருக்கு வந்து சங்குத்துறைக் கடற்கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தானோ இல்லையோ, இப்போது கைப்பேசிக்குள் துபாய் போய்விட்டது. அறைத்தோழர்கள், மேற்பார்வையாளர், சீட்டுக் கணக்கு எல்லாம் அதில் வருகின்றன. தொலைவில் இருந்தபோது எனக்குக் கிடைத்த நண்பன் பக்கத்தில் வந்ததும் கிடைக்கவில்லை. எனக்கு அவன் மேல் வருத்தம் இருக்கிறது, அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். சிரித்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் இங்கதானே இருப்பேன்" என்றான்.


மல்லிகைத் தோட்டம் எழுதியது:

ஆண்கள் பேசும்போது ஒன்றைக் கவனிக்கிறேன்: கைப்பேசியை எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம் என்றே எழுதுகிறீர்கள். என் தோழியோடு நான் உட்கார்ந்து பேசுவது மகளிர் குழுக் கூட்டம் முடிந்த பிறகு கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். அதற்குள் மகனின் வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் வரும், மாமியாருக்கு மருந்து எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டு அழைப்பு வரும், கணவர் அழைத்து எடுக்காவிட்டால் அன்று மாலை அதற்கு ஒரு விசாரணை இருக்கும். அவளுக்கும் இதே நிலைதான். நாங்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் வருத்தப்பட்டுக்கொள்வதில்லை. வருத்தப்பட வேண்டிய இடம் வேறு என்று இருவருக்கும் தெரியும். கைப்பேசியைத் தள்ளிவைக்க முடிகிறவர்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் சுதந்திரம் இருக்கிறது என்பதை எந்த ஆய்வாவது கணக்கில் எடுத்திருக்கிறதா, பரளியாறு ஐயா?


பரளியாறு எழுதியது:

நான் குறிப்பிட்ட ஆய்வுகள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை, அம்மா. கேள்வி நியாயமானது.


வேளிமலை எழுதியது:

எங்கள் கூட்டத்தில் இதைப் பேசினேன். தடைவிதி எதுவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. கைப்பேசிகளை ஒரு பையில் போட்டுக் கட்டிவைப்பது போன்ற வித்தைகள் எங்கள் வயதுக்குப் பொருந்தாது. எடுக்கிறவர் எதற்காக எடுக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் ஒப்புக்கொண்டோம். "மகள் பஸ் ஏறிட்டாளான்னு பாக்கேன்" என்று சொன்னால் மற்றவர்களும் அவரோடு சேர்ந்து காத்திருக்கிறார்கள். சொல்வதற்குக் காரணம் ஒன்றும் இல்லாதபோது கை தானாகவே கொஞ்சம் தயங்குகிறது. அதுவும் எல்லா நாளும் இல்லை. கடன்பட்ட நண்பருக்குப் பேச்சு சுலபமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

மேட்டுக்கடைத் தம்பி, தேவையான அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி கைப்பேசியில் வழி இருக்கிறதாமே? கொஞ்சம் விளக்குங்கள்.


மேட்டுக்கடை எழுதியது:

இருக்கிறது, ஐயா. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அமைப்புகளில் "தொந்தரவு செய்யாதே" என்ற பகுதி உண்டு. அதை இயக்கினால் அழைப்பு, செய்தி ஒலிகள் அடங்கிவிடும். ஆனால் தொடர்புப் பட்டியலில் நட்சத்திரக் குறியிட்டுவைத்த எண்களிலிருந்து வரும் அழைப்புகள் மட்டும் ஒலிக்கும்படி செய்துகொள்ளலாம். மல்லிகைத் தோட்டம் அக்கா வீட்டு எண்களுக்கு மட்டும் நட்சத்திரம் வைத்துவிட்டால், வகுப்புக் குழுவின் செய்திகள் கூட்டம் முடியும் வரை காத்திருக்கும்.


கடலோரத்தாள் எழுதியது:

படகிலிருந்து அழைக்கிறவர்கள் எப்போதும் தங்கள் எண்ணிலிருந்தே அழைப்பதில்லை, தம்பி. எவர் கைப்பேசியில் அலைவரிசை கிடைக்கிறதோ அதிலிருந்து அழைப்பார்கள். அதற்கு என்ன செய்வது?


மேட்டுக்கடை எழுதியது:

அதற்கும் அதே பகுதியில் "மீண்டும் அழைப்பவர்கள்" என்று ஒரு தெரிவு இருக்கிறது, அக்கா. அதை இயக்கிவைத்தால், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை வரும் அழைப்பு, அது தெரியாத எண்ணாக இருந்தாலும், ஒலிக்கும். ஐபோனில் அந்த நேரம் 3 நிமிடம்தான். முதல் அழைப்பு எடுக்கப்படாவிட்டால் உடனே மறுபடி அழைக்க வேண்டும் என்று படகில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவைத்தால் போதும்.


கடலோரத்தாள் எழுதியது:

விளக்கியதற்கு நன்றி. ஆனால் கடலில் ஒருமுறை கிடைத்த அலைவரிசை இரண்டாம் முறைக்கும் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகையால் படகு கடலில் இருக்கும் மாதங்களில் நான் அந்தத் தெரிவை நம்பப்போவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களின் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டு, அழைப்பு மணியை அப்படியே வைத்துக்கொள்கிறேன். தடைக்காலம் தொடங்கியதும் நீங்கள் சொன்னபடி செய்துபார்த்து, தோழி என்ன சொன்னாள் என்று இங்கே எழுதுகிறேன்.